காத்திருப்பின் நீதி

தரவு மையம் ஒன்றில் ஆயிரக்கணக்கான சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் என்னும் கருவி, தன் ஒவ்வொரு போர்ட்டின் வாயிலிலும் நொடிக்குப் பல லட்சம் முறை ஒரே கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது: வெளியேறக் காத்திருக்கும் பாக்கெட்டுகளில் அடுத்துச் செல்ல வேண்டியது எது? அனுப்பவேண்டிய தகவலைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் சேருமிடத்தின் முகவரியைக் குறித்து அனுப்பும்போது, அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். 1,500 பைட் அளவுள்ள பாக்கெட் ஒன்று, நொடிக்கு 10 கிகாபிட் கொள்ளளவுடைய இணைப்பில் ஏறிச் செல்ல ஏறத்தாழ 1.2 மைக்ரோநொடி பிடிக்கிறது. அதுவரை மற்றவை பஃபர் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் நிற்கின்றன, அங்கும் இடம் தீர்ந்துவிட்டால் புதிதாக வருபவை கைவிடப்படுகின்றன. இந்த நெருக்கடி தற்செயலாக நேர்வதன்று. நொடிக்கு 25 கிகாபிட் வீதம் அனுப்பக்கூடிய 48 சர்வர்கள் இணைந்த ஸ்விட்சிலிருந்து மேலே செல்லும் வழிகள் 100 கிகாபிட் வீதம் ஆறு மட்டுமே என்றால், 1,200 கிகாபிட் கேட்கக்கூடியவர்களுக்கு 600 கிகாபிட்டே இருக்கிறது. எல்லாரும் ஒரே கணத்தில் கேட்கமாட்டார்கள் என்ற கணிப்பை நம்பியே பல பிணையங்கள் இவ்வாறு கட்டப்படுகின்றன.

அந்தக் கணிப்பு பொய்க்கும் கணங்களில் யார் முந்துவது, பேண்ட்வித் எனப்படும் இணைப்பின் கொள்ளளவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை, ஒரு நிர்வாகி முன்கூட்டியே சில வரிகளில் எழுதிவைக்கிறார். தொழில்நுட்பக் கையேடுகள் இதைக் கருவியைச் சீரமைக்கும் வேலைகளில் ஒன்றாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆயினும் அறவியல் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று அவ்வரிகளுக்குள் முழுமையாக இருக்கிறது. வேண்டுவோர் பலராகவும் இருப்பது குறைவாகவும் உள்ளபோது, ஒருவரை முன்னே விட்டு மற்றொருவரைக் காக்கவைப்பதை எது நியாயமாக்குகிறது? அவ்வாறு காக்கவைக்கப்பட்டவருக்கு, காக்கவைத்தவர் ஏதேனும் கடன்பட்டிருக்கிறாரா?

இக்கேள்வியின் கனத்தை உணர, வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் லியோனார்ட் கிளைன்ராக் 1965-இல் நிறுவிய ஒரு முடிவை அறிந்துகொள்வது நல்லது. பணி காத்திருக்கும்போது சும்மா இருக்காத, தொடங்கிய பணியை இடையில் நிறுத்தாத, பணியின் நீளத்தைப் பார்த்து ஆள் தேராத எந்த முறையைக் கையாண்டாலும், ஒவ்வொரு வகுப்பின் சராசரிக் காத்திருப்பையும் அவ்வகுப்பு கொண்டுவரும் சுமையால் பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும் தொகை மாறாது என்பதே அம்முடிவு. ஒரு வகுப்பின் காத்திருப்பு குறையும்போது, குறைந்த அளவு வேறொரு வகுப்பின் கணக்கில் ஏறியே தீரும். முன்னுரிமை வழங்குபவர் தம்முடைய எதையும் தருவதில்லை, பிறருடைய நேரத்தை எடுத்துத் தருகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இருக்க முடியாது. வழிபாட்டிடங்களிலும் மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஒருவருக்குக் காட்டப்படும் சலுகை பெரும்பாலும் தாராளத்தின் தோற்றத்தோடு வருகிறது. அந்தத் தாராளத்துக்கு விலை கொடுப்பவர் யாரென்று அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஸ்விட்சிலோ ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை பாக்கெட்டுகளை இழந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும் பதிவுகள் உண்டு.

எவருக்கும் சலுகையில்லாமல் வந்த வரிசைப்படியே அனுப்பிவிட்டால் இந்தச் சிக்கல் எழாதே என்று தோன்றலாம். முதலில் வந்தவர் முதலில் செல்வது என்பது மிகப் பழைய நியாயம். அது யாரையும் எடைபோடுவதில்லை என்பதே அதன் வலிமையாகக் கருதப்படுகிறது. ஆனால் ஜான் நேகிள் 1985 டிசம்பரில் எழுதிய, இணைய ஆவண வரிசையில் 970 என்ற எண்ணைப் பெற்ற சிறு கட்டுரை இந்த நம்பிக்கையை அடியோடு அசைத்தது. வருகை வரிசைப்படி நடக்கும் ஒரே வரிசையில், அதிகமாகக் கொண்டுவந்து கொட்டுபவருக்கே அதிக இடம் கிடைக்கிறது; நெரிசலைக் கண்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் நல்ல சர்வர், குறைத்த அளவுக்கு இழக்கிறது; குறைக்காதது அந்த இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. எனவே தன்னலம் பேணுபவருக்கு உகந்த வழி பொதுவைக் கெடுக்கும் வழியாகவே அமைந்துவிடுகிறது என்று நேகிள் காட்டினார். அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை வைத்து, வரிசைக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றி எடுப்பது அவர் முன்வைத்த மாற்று. அப்போது பேராசைக்காரர் தம் வரிசையையே நீளமாக்கிக்கொள்வார். அடுத்தவருடைய வரிசையை அவரால் தொட முடியாது. 1989-இல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷென்கர் ஆகிய மூவரும் இக்கருத்தைச் செம்மைப்படுத்தி முறையான வழிமுறையாக்கினர். நடுநிலை என்று தோன்றிய ஒரு விதி உள்ளபடியே வலியவர் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை இந்தச் சிறு வரலாறு தெளிவாக்குகிறது.

வருகை வரிசையின் நியாயத்தைச் சமய மரபும் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் திராட்சைத் தோட்ட உவமையில், விடியற்காலையில் வேலைக்கு வந்தவரும் மாலையில் வந்தவரும் ஒரே கூலியைப் பெறுகிறார்கள்; முதலில் வந்தவர்கள் பேசியபடி கூலி பெற்றிருந்தும் முறுமுறுக்கிறார்கள். இந்த உவமையின் சொற்களிலிருந்தே ஜான் ரஸ்கின் 1860-இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளுக்குத் தலைப்பு எடுத்தார். அந்நூலை 1904-இல் தென்னாப்பிரிக்காவில் ரயில் பயணத்தின்போது படித்த காந்தி, 1908-இல் அதன் சாரத்தைக் குஜராத்தியில் சர்வோதயம் என்ற பெயரில் தந்தார். கடைசியில் நிற்பவருக்கும் உரியது உண்டு, அது அவர் எப்போது வந்தார் என்பதைப் பொறுத்ததன்று என்ற எண்ணம் இவ்வழியே வந்து சேர்ந்தது. வரிசையில் எந்த இடத்தில் நின்றார் என்பதை விட்டுவிட்டால், ஒருவருடைய உரிமையை வேறு எதைக்கொண்டு அளப்பது என்ற வினா அப்போது மீதமாகிறது.

அவரவர் தேவை என்ன வகையானது என்று பார்ப்பது ஒரு வழி. இதை நேரில் காண, மைக்ரோசாஃப்ட் தன் சர்வர் தொகுதிகளுக்குப் பரிந்துரைக்கும் ஒரு பங்கீட்டை அருகிலிருந்து நோக்கலாம். ஈத்தர்நெட் தரம் ஒவ்வொரு பாக்கெட்டிலும் மூன்று பிட் இடத்தை ஒதுக்கி, 0 முதல் 7 வரை எட்டு முன்னுரிமை எண்களை அனுமதிக்கிறது. சேமிப்பகத்துக்குச் சென்றுவரும் தரவு 3 என்ற எண்ணைப் பெற்று, கொள்ளளவில் 50 சதவீதத்தைப் பெறுகிறது. இதயத் துடிப்பு என்று பொறியாளர்கள் அழைக்கும், சர்வர்கள் ஒன்றுக்கொன்று தாம் உயிரோடிருப்பதை அறிவிக்கும் சிறு செய்திகள் 7 என்ற எண்ணைப் பெற்று, 10 கிகாபிட் இணைப்பில் 2 சதவீதமும் 25 கிகாபிட்டும் அதற்கு மேலும் உள்ள இணைப்பில் 1 சதவீதமும் பெறுகின்றன. எஞ்சியது மற்ற எல்லாவற்றுக்கும் பொது. இந்த 1 சதவீதம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் துடிப்புச் செய்தி தொடர்ந்து சில முறை வராமற்போனால், நலமாக இயங்கிக்கொண்டிருக்கும் சர்வரை இறந்துவிட்டதாகக் கருதி, அதன் பணிகளை மற்றவை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். பெருஞ்சுமையோடு வந்த வேறொரு தரவு வழியை அடைத்ததால் உயிருள்ள ஒன்று செத்ததாக அறிவிக்கப்படுகிறது. துடிப்புக்கு வேண்டியது மிகச் சிறிது, அது உடனே வேண்டும். இரவில் எடுக்கப்படும் காப்புப் பிரதிக்கு வேண்டியது மிகப் பெரிது, அது விடிவதற்குள் முடிந்தால் போதும். சேமிப்பகத் தரவுக்கோ வேகத்தைக் காட்டிலும் எதுவும் தொலையாமை முக்கியம். முந்துதல், பங்கு, இழப்பின்மை ஆகிய மூன்றும் வெவ்வேறு நன்மைகள். ஒருவருக்கு ஒன்றைத் தருவதால் மற்றவற்றையும் தந்தாக வேண்டியதில்லை. யார் பெரியவர் என்ற ஒற்றை ஏணியில் எல்லாரையும் நிறுத்திப் பார்க்கும் பழக்கம்தான் பங்கீட்டுத் தகராறுகளில் பெரும்பாலானவற்றைத் தீர்க்கமுடியாதவையாக ஆக்குகிறது.

முந்துதலுக்கும் பங்குக்கும் உள்ள வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதைக் கண்டிப்பான முன்னுரிமை என்ற முறை காட்டுகிறது. அதன்படி உயர்ந்த வரிசையில் ஒரு பாக்கெட் இருக்கும்வரை தாழ்ந்த வரிசை திறக்கப்படுவதில்லை. உயர்ந்த வரிசைக்கு வரும் சுமை குறையாவிட்டால், தலைமடை வாய்க்கால்கள் நிரம்பி வழியும்போதே கடைமடை வயல் காய்வதுபோல, கீழே உள்ளது முற்றிலும் பட்டினி கிடக்கும். இதைத் தடுக்கவே முந்தும் உரிமை பெற்ற வகுப்புக்கு ஓர் உச்சவரம்பும், ஏனைய வகுப்புகளுக்கு அடித்தளப் பங்கும் வைக்கிறார்கள். ஐ.இ.இ.இ. அமைப்பு 2011-இல் நிறைவுசெய்த தரங்களுள் ஒன்று இப்படி வகுப்புகளுக்குச் சதவீதப் பங்கு பிரிக்கும் முறையை வகுத்திருக்கிறது. அதில் ஒரு நுட்பம் உண்டு: 50 சதவீதம் பெற்ற வகுப்பு அக்கணத்தில் 20 சதவீதத்தையே பயன்படுத்தினால், மீதி 30 சதவீதம் பூட்டிவைக்கப்படாமல் காத்திருக்கும் மற்ற வகுப்புகளுக்குப் போய்விடுகிறது, உரியவர் திரும்பிவந்து கேட்கும்போது உடனே அவருக்குத் திரும்புகிறது. இங்கே பங்கு என்பது தேவையுள்ளபோது மட்டும் செல்லும் உரிமை. பயன்படுத்தாதபோதும் பிறரை விலக்கிவைக்கும் உடைமையுரிமைக்குப் பழகிப்போன சமூகங்கள், உடைமையாளரை ஏமாற்றாமலே வீணாவதைப் பகிரும் இந்த ஏற்பாட்டை ஊன்றிப் பார்க்கவேண்டும்.

தேவையின் வகையைப் பார்ப்பது என்றால், அதை யார் சொல்வது என்ற சிக்கல் உடனே எழுகிறது. இணைய நெறிமுறையை வரையறுத்த 1981-ஆம் ஆண்டு ஆவணம் பாக்கெட்டின் தலைப்பகுதியில் எட்டுப் படிநிலைகளுக்கு இடம் வைத்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் உருவான அந்நெறிமுறையில், படிநிலைகளின் பெயர்கள் இராணுவச் செய்திகளுக்கு வழங்கிவந்த அவசர நிலைகளை ஒட்டி அமைந்தன. 1998-இல் இந்த இடம் ஆறு பிட்டாகத் திருத்தப்பட்டு 64 குறிகளுக்கு வழி உண்டாயிற்று. ஆனால் குறியை எழுதுவது அனுப்பும் கருவியே. எல்லாரும் தம்மை மிக அவசரம் என்று குறித்துக்கொண்டால் அக்குறிக்குப் பொருளில்லை; ஒருவர் மட்டும் பொய்யாகக் குறித்துக்கொண்டால் உண்மை சொன்ன மற்றவர்கள் எல்லாரும் தண்டிக்கப்படுகிறார்கள். எனவே பிணையத்தில் நம்பிக்கை எல்லை என ஒன்று வகுக்கப்படுகிறது. அதற்கு வெளியிலிருந்து வரும் பாக்கெட் தன்னைப் பற்றிச் சொல்வது ஏற்கப்படாமல், எந்தப் போர்ட்டில் வந்தது, எந்தப் பணிக்கு உரியது என்பதைப் பார்த்துக் குறி புதிதாக எழுதப்படுகிறது. நீதியைப் பற்றி எழுதியவர்கள் பலரும் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் ஆகாது என்பதை அடிப்படையாகக் கொண்டனர். ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில், தாம் எந்த இடத்தில் பிறப்போம் என்பதை அறியாதவர்களாக விதி வகுப்போரைக் கற்பனை செய்தது இதற்காகவே. தரவு மைய நிர்வாகிக்கு அந்த அறியாமைத் திரை கிடையாது. எந்தப் பணி எந்த மேலதிகாரியுடையது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பணியின் உரிமையாளரும் தம்முடையதே தலையாயது என்று வந்து சொல்வர். தம் சேமிப்பகத்தை நாளை வேறொருவர் நிர்வகித்தாலும் இப்பங்கீட்டை ஒப்புவேனா என்று அவர் கேட்டுக்கொள்வது, அவருக்கு எட்டும் தூரத்திலுள்ள நேர்மை.

சமமாகப் பிரிப்பதாக முடிவு செய்துவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. அமர்த்தியா சென் 1979-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையில், சமத்துவம் பேசுவோர் எதில் சமத்துவம் என்பதை முதலில் சொல்லவேண்டும் என்றார். 2007-இல் பாப் பிரிஸ்கோ, இணைய உலகம் தரவோட்டங்களுக்கிடையே சமத்துவம் பேணுவதை ஒரு மதமாகவே ஆக்கிவிட்டது என்று தலைப்பிலேயே சாடி, அந்நம்பிக்கையைத் தகர்க்கும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஓட்டம் என்பது இரு நிரல்களுக்கிடையே நடக்கும் ஓர் உரையாடல். ஒருவர் ஓர் ஓட்டமும் மற்றொருவர் நூறு ஓட்டங்களும் திறந்துகொண்டால், ஓட்டத்துக்கு ஒரு பங்கு என்ற சமநீதியால் இரண்டாமவருக்கு நூறு பங்கு கிடைத்துவிடும். நியாயம் என்பது மனிதர்களுக்கும் அவர்கள் நடத்தும் அமைப்புகளுக்கும் இடையே உள்ளது. பிறருக்கு ஒருவர் காலப்போக்கில் எவ்வளவு நெரிசல் உண்டாக்கினார் என்பதைக் கொண்டே அதை அளக்கவேண்டும் என்பது பிரிஸ்கோவின் வாதம். எண்ண எளிதாக இருப்பதையே எண்ணிவிட்டு, அதற்குச் சமத்துவம் என்று பெயரிடும் தவறு பிணையத்துக்கு மட்டும் உரியதன்று.

கிளைன்ராக்கின் விதி ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது. பணியின் நீளத்தைப் பார்க்காதவரைதான் மொத்தக் காத்திருப்பு மாறாது. பார்த்தால் மாறும். மீதமுள்ள பணி எதற்குக் குறைவோ அதை முதலில் முடிப்பதே சராசரிக் காலத்தை மிகக் குறைக்கும் என்று லைனஸ் ஷ்ரேஜ் 1968-இல் நிறுவினார். 2013-இல் முன்வைக்கப்பட்ட பிஃபேப்ரிக் என்னும் வடிவமைப்பு அதே கருத்தைத் தரவு மைய ஸ்விட்சுகளுக்குள் கொண்டுவந்தது. எலிகள் என்று பொறியாளர்கள் அழைக்கும் சிறு ஓட்டங்கள் முந்திச் செல்ல, யானைகள் எனப்படும் பெரும் ஓட்டங்கள் ஒதுங்கி நிற்கும். பெரும்பாலோரின் மொத்த நன்மையைப் பெருக்குவதே நோக்கம் என்னும் பயன்வாதம் இதை உவந்து ஏற்கும். அக்கொள்கையைக் காந்தி வெளிப்படையாகவே மறுத்தவர். சிலரைப் பலியிட்டுப் பலருக்கு நன்மை தேடுவதை அவர் ஒப்பவில்லை. அவருக்கு அணுக்கமான கணித வடிவம், எல்லாருடைய பங்கையும் ஒருசேர உயர்த்திக்கொண்டே போய், தேவை நிறைந்தவரை நிறுத்திவிட்டு எஞ்சியதை மற்றவர்களுக்குத் தொடர்ந்து பிரிக்கும் முறை. அதில் தம்மைவிட அதிகம் பெறாத ஒருவரிடமிருந்து எடுக்காமல் எவரும் மேலும் பெற இயலாது. இவ்விரண்டும் நேரெதிர் என்றே வெகுகாலம் கருதப்பட்டது. ஆனால் நிகில் பன்சாலும் மோர் ஹார்ச்சால்-பால்ட்டரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, எளிய வரிசை மாதிரியில் சுமை பாதிக்கு மேல் ஏறாதவரை, சிறியதை முந்தவிடும் முறையில் பெரிய பணிகள் உட்பட ஒவ்வொரு பணியும் சமமாகப் பகிரும் முறையைவிடச் சராசரியில் விரைவாகவே முடிகிறது என்று காட்டியது. பலியிடப்பட்டதாகத் தோன்றிய யானைக்கும் அங்கே இழப்பில்லை. பலி உண்டா இல்லையா என்பதை இரக்கம் மட்டும் அறிந்து சொல்ல முடியாது; கணக்கும் வேண்டும். சுமை பாதியைக் கடந்தபின் அந்த உறுதி இல்லை, அப்போது கடைசியில் நிற்கும் யானைக்காகக் காந்தியின் வினா மீண்டும் உயிர்பெறுகிறது.

சேமிப்பகத் தரவு எதுவும் தொலையக்கூடாது என்ற கோரிக்கை தனியே கருதத்தக்கது. அதை நிறைவேற்ற, பஃபர் நிரம்பும் தறுவாயில் ஸ்விட்ச் தனக்கு அனுப்புபவரை நோக்கி, குறிப்பிட்ட முன்னுரிமை எண்ணுக்கு மட்டும் நிறுத்து என்ற செய்தியை விடுக்கிறது. அனுப்புபவர் மற்றொரு ஸ்விட்சானால் அதன் பஃபரும் நிரம்பி, அதுவும் தனக்கு முன்னுள்ளதை நிறுத்தும். இவ்வாறு நெரிசல் பின்னோக்கிப் பரவி, அந்த வழியில் தொடர்பே இல்லாத ஓட்டங்களையும் முடக்கும். 2016-இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரை, பழுதான ஒரே ஒரு பிணைய அட்டை இடைவிடாது நிறுத்துச் செய்தி அனுப்பிப் பிணையம் முழுவதையும் முடக்கிவிட முடியும் என்பதையும், ஸ்விட்சுகள் வட்டமாக ஒன்றையொன்று நிறுத்திக்கொண்டு எதுவும் நகராத முட்டுக்கட்டை உண்மையிலேயே ஏற்பட்டதையும் பதிவுசெய்கிறது. இதற்கு மருந்தாக, ஒரு வரிசை அளவுமீறி நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டறிந்தால் நிறுத்துச் செய்தியைப் புறக்கணித்துப் பாக்கெட்டுகளைக் கைவிடும் காவல் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. எதையும் இழக்கமாட்டேன் என்ற உறுதி, இழக்கத் தயாரான ஒரு காவலனின்றி நிற்க முடியவில்லை. பற்று நீங்குதலைப் போதித்த சமயங்கள் தனிமனிதனின் விடுதலையை எண்ணியே அதைப் பெரிதும் பேசின. ஒருவருடைய விடாப்பிடி அவரோடு தொடர்பற்ற பிறரை எவ்வளவு தூரம் கட்டிப்போடும் என்பதற்கு இந்தப் பிணையங்கள் நல்ல எடுத்துக்காட்டு.

கடைசி இடத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் ஓட்டங்களும் உண்டு. 2019-இல் வரையறுக்கப்பட்ட குறைமுயற்சி வகுப்பு, வேறு எவருக்கும் தேவைப்படாத கொள்ளளவை மட்டும் பயன்படுத்தி, நெருக்கடி வந்தால் முழுவதுமாக விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறது. காப்புப் பிரதிகளும் மென்பொருள் மேம்படுத்தல்களும் இதற்குப் பொருத்தமானவையாகச் சொல்லப்படுகின்றன. விரும்பிக் கடைசியில் நின்றவருக்கு அடித்தளப் பங்கு தரவேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். தரவேண்டும் என்பதற்கே காரணங்கள் வலுவாக உள்ளன. முதலாவது, சம்மதித்தது காப்புப் பிரதிக்கு உரியவர் அல்லர். அவர் சார்பில் நிரலை எழுதியவரோ நிர்வாகியோ சம்மதித்தார், உரியவர் அதை அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை. இரண்டாவது, அத்தரவின் முக்கியத்துவம் காலத்தோடு மாறுகிறது: சேமிப்பகம் நலமாக இருக்கும் இரவில் அதைவிட அவசரமற்ற பாக்கெட் வேறில்லை, வட்டுகள் அழிந்த காலையில் அதைவிட அவசரமானது வேறில்லை, ஆனால் அன்றைக்கு முன்னுரிமை எண்ணை உயர்த்தினால் முன்னிரவுகளில் போய்ச் சேராத பிரதி வந்துவிடாது. ஆகவே குறைமுயற்சி வகுப்பின் எதிரே 0 என்று எழுதும் நிர்வாகி அங்கே 2 அல்லது 3 சதவீதத்தை எழுதுவதும், பயன்படாத கணங்களில் அது மற்றவர்களுக்கே திரும்பிவிடும் என்பதால் அவர்களுக்குப் பெரிய இழப்பில்லை என்பதை அறிந்து எழுதுவதும், அந்த வரிசையில் கைவிடப்பட்டவற்றின் எண்ணிக்கையை வாரம் ஒருமுறையேனும் திறந்து பார்ப்பதும் அவர்மேல் உள்ள கடன்.